மின்னியல் அறிஞர் ஜோசப் ஹென்றி

வாயிலின் புறத்தே நிற்கும் ஒருவர் சுவரிற் பதித்துள்ள சிறு பொத்தானை விரலால் மெல்ல அழுத்துகின்றார். அக்கணமே வீட்டினுள்ளே மணி ஒலிக்கின்றது. விரலை எடுத்தவுடன் ஒலி அடங்குகின்றது. நாள்தோறும் நிகழும் எளிய செயலாதலின் இதனை வியப்பார் எவரும் இலர். அப்பொத்தானைக் கழற்றி உள்ளே நோக்கினால், இரண்டு உலோகத் தகடுகள் சிறிது இடைவெளி விட்டு எதிரெதிரே நிற்றலைக் காணலாம். பொத்தானை அழுத்துங்கால் மேல்தகடு வளைந்து கீழ்த்தகட்டைத் தொடும், மின்சுற்று நிறைவுறும், மின்னோட்டம் பாயும். அழுத்தம் நீங்கியதும் மேல்தகடு தன் மீள்விசையால் பழைய நிலைக்குத் திரும்பும், சுற்று அறும், ஓட்டம் நிற்கும். தொடுதலும் விடுதலும் ஆகிய இவ்விரண்டே பொத்தானின் தொழிலாகும்.

எளியதாகத் தோன்றும் இத்தொழிலுள் மூன்று நுட்பங்கள் அடங்கியுள்ளன. தொலைவில் உள்ள பொருளைக் கம்பி வழியே இயக்குதல் ஒன்று. சுற்று அறும்பொழுது தொடுமுனைகளின் இடையே எழும் தீப்பொறியின் இயல்பை அறிதல் மற்றொன்று. சிறிய மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தை ஆளுதல் பிறிதொன்று. இம்மூன்றையும் தம் கைகளாலேயே செய்து பார்த்து உண்மை கண்ட பெருமகனார் ஒருவர் இருந்தார். அவர் பொத்தான்களைச் செய்து விற்றவர் அல்லர். எக்கருவிக்கும் காப்புரிமை பெற்றவரும் அல்லர். இளைஞர்க்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியர். அமெரிக்க நாட்டு ஜோசப் ஹென்றி என்பவரே அவ்வறிஞர்.

இளமை

ஜோசப் ஹென்றி 1797-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17-ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தைச் சார்ந்த ஆல்பனி என்னும் நகரிற் பிறந்தார். அவருடைய குடும்பத்தார் ஸ்காட்லாந்து நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள், செல்வம் இல்லாதவர்கள். தந்தையார் கூலி வேலை செய்து குடும்பத்தைக் காத்துவந்தார். வறுமையின் காரணமாக ஜோசப் சிறுவயதிலேயே கால்வே என்னும் சிற்றூரில் வாழ்ந்த பாட்டியாரிடம் அனுப்பப்பட்டார். ஆங்குப் பள்ளியிற் சிறிது பயின்றார். எஞ்சிய பொழுதில் ஒரு கடையிற் பணி செய்தார். அவர் இளைஞராகுமுன்னரே தந்தையார் இறந்துபோனார்.

கால்வேயில் இருந்தபொழுது அவர் வளர்த்த முயல் ஒன்று ஒரு நாள் கட்டறுத்து ஓடி, மாதாகோயிலின் அடித்தளத்துட் புகுந்துவிட்டதாம். அதனைப் பிடிக்கத் தவழ்ந்து சென்ற சிறுவர், தரைப்பலகைகளின் இடைவெளி வழியே மேலே ஏறினார். அவ்வறையிற் புத்தகங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒரு கதைநூலை எடுத்துப் படிக்கத் தொடங்கியவர், முயலை மறந்தார். பொழுது சாய்வதையும் மறந்தார். அன்று தொட்டு நூல்களின்மேல் அவருக்கு நீங்காத வேட்கை உண்டாயிற்று என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

ஏறத்தாழப் பதின்மூன்றாம் வயதில் அவர் ஆல்பனி நகருக்குத் திரும்பி, கடிகாரமும் வெள்ளிப் பொருள்களும் செய்யும் கைவினைஞர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அத்தொழிலில் அவர் உள்ளம் நிலைபெறவில்லை. நாடகத்தின்மீது பெருவிருப்பம் கொண்டு, நடிப்பதிலும் நாடகம் எழுதுவதிலும் காலத்தைச் செலவிட்டார். ஆயினும் கடிகாரக் கடையிற் கழிந்த நாள்கள் வீண்போகவில்லை. நுண்ணிய உறுப்புகளைச் செம்மையாகப் பொருத்தும் திறன் அவருடைய கைகளுக்கு ஆண்டுப் பழகியது. பிற்காலத்தில் தம் ஆய்வுக் கருவிகளைத் தாமே செய்துகொள்வதற்கு அத்திறன் பெரிதும் உதவிற்று.

நூல் காட்டிய நெறி

பதினாறாம் வயதில் ஹென்றி நோயுற்றுச் சின்னாள் வீட்டிலேயே தங்க நேர்ந்தது. அவ்வீட்டில் குடியிருந்த ஒருவர், கிரகரி என்பார் எழுதிய அறிவியல் விரிவுரை நூலொன்றை வைத்திருந்தார். பொழுது போக்குதற்காக ஹென்றி அதனைக் கையில் எடுத்தார். மேல்நோக்கி எறிந்த கல் எறிந்த திசையிலேயே செல்லாது கீழே வீழ்வது ஏன் என்பன போன்ற வினாக்கள் அந்நூலின் தொடக்கத்தில் இருந்தன. நாள்தோறும் கண்ட நிகழ்ச்சிகளிலேயே இத்தகைய வினாக்கள் மறைந்திருத்தலை உணர்ந்த இளைஞர் வியப்பில் ஆழ்ந்தார். நோய் நீங்கி எழுந்தவர் நாடக மன்றத்தை விட்டு விலகினார். இனி அறிவைத் தேடுதலே தம் வாழ்க்கை எனத் துணிந்தார். நூலுக்கு உரியவர் அதனை அவருக்கே அளித்துவிட்டார். ஹென்றி அதனை வாழ்நாள் முழுவதும் போற்றி வைத்திருந்தார்.

துணிவு எளிது, வழி கடினமாக இருந்தது. 1819-ஆம் ஆண்டில், தம்மினும் இளைய மாணாக்கரோடு ஒருங்கிருந்து கற்பதற்கு நாணாமல், ஆல்பனி உயர்பள்ளியிற் சேர்ந்தார். அவரிடம் கட்டணம் பெறாது அப்பள்ளியார் கல்வி அளித்தனர். எனினும் உணவுக்கும் உடைக்கும் பொருள் வேண்டுமன்றோ? நாட்டுப்புறப் பள்ளியில் ஆசிரியராகவும், செல்வர் இல்லத்துச் சிறுவர்க்குத் தனியாசிரியராகவும் உழைத்துப் பொருள் ஈட்டினார். 1825-ல் நெடுஞ்சாலை ஒன்றை அமைத்தற்கு நிலம் அளக்கும் பணியிலும் ஈடுபட்டார். 1826-ஆம் ஆண்டில், தாம் பயின்ற அப்பள்ளியிலேயே கணக்கும் இயற்பியலும் கற்பிக்கும் பேராசிரியராக அமர்ந்தார்.

காந்தத்தின் வலிமை

அக்காலத்தில் மின்னியல் தளிர்நடைப் பருவத்தில் இருந்தது. மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்தமுள் அசைதலை டென்மார்க்கு நாட்டு அறிஞர் எர்ஸ்டெட் 1820-ல் வெளியிட்டிருந்தார். 1825-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஸ்டர்ஜன் என்பவர், இலாட வடிவமாக வளைத்த தேனிரும்பின்மீது கம்பியைச் சுற்றி மின்காந்தம் செய்தார். மின்னோட்டம் பாயுங்கால் அவ்விரும்பு காந்தமாகும். ஓட்டம் நின்றால் காந்தத் தன்மையை இழக்கும். இவ்வியல்பு இல்லையேல், பொத்தானை விட்ட பின்னும் மணியின் சுத்தி பற்றிய இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

ஸ்டர்ஜன் பயன்படுத்தியது உறையில்லாத வெறுங்கம்பி. ஒரு சுற்று மற்றொரு சுற்றைத் தொட்டால் மின்னோட்டம் குறுக்கு வழியிற் சென்றுவிடும். ஆதலின் அவர் கம்பியை இடைவெளி விட்டு நெகிழச் சுற்றினார். ஹென்றி இதனைக் கூர்ந்து நோக்கினார். இரும்பைக் காப்பிடுவதற்கு மாறாகக் கம்பியையே காப்பிட்டால் என்ன என்று எண்ணினார். செம்புக் கம்பியின்மேல் பட்டினால் உறையிட்டார். பின்னர் நூற்கண்டிற் சுற்றுதல்போல் நெருக்கமாகவும் அடுக்கடுக்காகவும் சுற்றினார். காந்தத்தின் ஆற்றல் பன்மடங்கு பெருகிற்று.

அவர் 1831-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட கட்டுரையில், 21 பவுண்டு எடையுள்ள தம் காந்தம் 750 பவுண்டு எடையைத் தாங்கியதை விவரித்தார். ஏறத்தாழ பத்துக் கிலோ எடையுள்ள இரும்பு 340 கிலோ எடையைத் தாங்கியது என்பது இதன் பொருள். அவ்வாண்டிலேயே ஏல் கல்லூரிக்காக அவர் செய்து கொடுத்த காந்தம் 2,000 பவுண்டுக்கு மேற்பட்ட எடையைத் தாங்கிற்று.

இவ்வளவும் செய்தவர் ஓய்வு மிக்கவர் அல்லர். நாள்தோறும் பல மணி நேரம் வகுப்பெடுத்தல் அவர் கடமை. ஆய்வுக்கெனத் தனியறையும் இல்லை. கோடை விடுமுறையில், ஆகஸ்டுத் திங்களில் மட்டும் பள்ளியின் பேரறை ஒன்று அவருக்குக் கிடைக்கும். பள்ளி மீண்டும் திறக்குமுன் கம்பிகளையும் கலங்களையும் அகற்றி அறையை ஒப்படைத்தல் வேண்டும். ஆய்வு பாதியில் நின்றால் அடுத்த ஆண்டு வரை காத்திருத்தலன்றி வேறு வழியில்லை.

பள்ளியறையில் ஒலித்த மணி

கம்பியின் நீளம் மிகமிக மின்னோட்டம் நலிந்துபோகும். ஆதலின் மின்சாரத்தைக் கொண்டு தொலைவிற் செய்தி அனுப்புதல் இயலாது என்று ஆங்கில அறிஞர் பீட்டர் பார்லோ 1825-ல் ஆய்ந்து முடிவு கூறியிருந்தார். பலரும் அதனை ஒப்புக்கொண்டனர். ஹென்றியோ, கம்பியை மட்டும் நோக்காது, அதன் ஒரு முனையில் உள்ள மின்கலங்களையும் மறுமுனையில் உள்ள காந்தத்தையும் சேர்த்து நோக்கினார். மின்கலங்கள் பலவற்றை வரிசையாக இணைத்து, காந்தத்தின்மேல் ஒரே நீண்ட கம்பியைப் பலநூறு சுற்றுகளாகச் சுற்றினால், நெடுந்தொலைவு கடந்து வரும் மெலிந்த மின்னோட்டமும் அக்காந்தத்தை இயக்கவல்லதாகும் என்று கண்டார்.

கண்டதை மெய்ப்பிக்க வேண்டி, பள்ளியின் பேரறைச் சுவர்களைச் சுற்றிச் சுற்றி ஒரு மைலுக்கு மேற்பட்ட கம்பியை அமைத்தார். கம்பியின் ஒரு கோடியில் மின்கலங்கள் இருந்தன. மறுகோடியில் இலாட மின்காந்தமும், அதன் முனைகளுக்கு அருகே ஊசிமுனையிற் சுழலுமாறு நிறுத்திய நிலைக்காந்தக் கோலும், பக்கத்தில் ஒரு மணியும் இருந்தன. சுற்றை நிறைவுறச் செய்தவுடன், மின்காந்தத்தால் தள்ளப்பட்ட காந்தக்கோல் சுழன்று மணியை அடித்தது. ஒரு மைல் கம்பிக்கு அப்பால் நிகழ்ந்த தொடுதல் ஈண்டு ஒலியாக வெளிப்பட்டது. இது 1831-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது. பொத்தானை அழுத்த ஒலிக்கும் மின்மணிக்கும், பிற்காலத்துத் தந்திக்கும் இம்மணியே முன்னோடியாகும்.

அதே ஆண்டில் அவர் வேறொரு சிறு பொறியையும் செய்தார். கம்பி சுற்றிய இரும்புச் சட்டம் ஒன்றைத் துலாக்கோல்போல் நடுவில் தாங்கி நிறுத்தினார். அதன் இருமுனைகளிலும் கம்பி நுனிகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் தாழும்போது அப்பக்கத்து நுனிகள் மின்கலத்தோடு இணைந்த பாதரசக் கிண்ணங்களைத் தொடும். உடனே சட்டம் காந்தமாகி, கீழேயுள்ள நிலைக்காந்தத்தால் தள்ளப்பட்டு மேலெழும். மறுபக்கம் தாழும், ஆங்கும் அவ்வாறே நிகழும். இங்ஙனம் நிமிடத்துக்கு 75 முறை அச்சட்டம் தானே ஆடிக்கொண்டிருந்தது. மனிதர் கை தொடாமல், இயக்கமே தன் சுற்றைத் தானாக மூடியும் திறந்தும் கொண்ட கருவி அது. ஹென்றி அதனை அறிவு விளையாட்டுப் பொருளாகவே மதித்தார். ஆயினும் பின்னொரு காலத்தில் அதன் கோட்பாடு பயன்படக்கூடும் என்றும் எழுதி வைத்தார்.

பிரியுங்கால் எழும் பொறி

இன்று உள்ளன போன்ற சுவிட்சுகள் அந்நாளில் இல்லை. சிறு கிண்ணத்திற் பாதரசத்தை ஊற்றி அதனை மின்கலத்தோடு இணைப்பர். கம்பியின் நுனியை அதனுள் அமிழ்த்தினால் சுற்று நிறைவுறும். வெளியே எடுத்தால் சுற்று அறும். அவ்வாறு பலகாலும் செய்துவந்த ஹென்றி, பிறர் கண்டும் காணாது விட்ட ஒன்றைக் கண்டார். கம்பி குட்டையாக இருந்தால், நுனியை வெளியே எடுக்கும்பொழுது பொறி எழுவதில்லை. அதே மின்கலத்தோடு நீண்ட கம்பியை இணைத்து எடுத்தால் ஒளிமிக்க பொறி எழுகின்றது. அந்நீண்ட கம்பியைச் சுருளாகச் சுற்றிவிட்டால் பொறி இன்னும் பெரிதாகின்றது. கம்பி நீளும்போது மின்னோட்டம் குறையுமேயன்றி மிகாது. அங்ஙனமிருக்கப் பொறி மட்டும் பெருகுவது ஏன்?

மின்னோட்டம் தன்னைச் சுற்றிலும் காந்த ஆற்றலைப் பரப்பி வைக்கின்றது. ஓட்டம் திடீரென்று தடைப்படும்பொழுது, அக்காந்த ஆற்றல் ஒடுங்குங்கால் அதே கம்பியில் மின்சாரத்தைத் தூண்டி, ஓட்டத்தை முன்போலவே நடத்த முயல்கின்றது. விரைந்தோடும் வண்டியை நிறுத்த முயன்றால் அது சிறிது தொலைவு ஓடியே நிற்றல் போல்வது இது. செல்ல வழியில்லாத மின்சாரம், பிரிந்த முனைகளின் இடையே உள்ள காற்றையும் பிளந்து பொறியாகப் பாய்கின்றது. இந்நிகழ்ச்சியைத் தன்மின் தூண்டல் என்பர். ஹென்றி இதனை 1832-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளியிட்டார். அறிவியல் உலகில் இதனை முதலில் வெளியிட்டவர் அவரே.

அக்கட்டுரை வெளிவந்த வரலாற்றில் ஒரு வருத்தமும் கலந்திருக்கின்றது. காந்தத்தின் மாறுதலால் அருகிலுள்ள வேறொரு கம்பியில் மின்சாரத்தைத் தூண்டலாம் என்னும் பேருண்மையையும் ஹென்றி தம் ஆய்விற் கண்டிருந்தார். இன்னும் பெரிய கருவியைச் செய்து, ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பித்த பின்னரே வெளியிடுதல் வேண்டும் என்று காத்திருந்தார். விடுமுறை முடிந்தது, அறை வகுப்புக்குச் சென்றது, கருவி முற்றுப்பெறவில்லை. இதற்கிடையே இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே 1831-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவ்வுண்மையைத் தனித்து நின்று கண்டு, நவம்பரில் அறிஞர் அவையில் வெளியிட்டார். முதற்கண் வெளியிட்டவர் என்னும் புகழ் முறைப்படி ஃபாரடேயைச் சேர்ந்தது. ஹென்றி அதனை மறுத்து வழக்காடவில்லை. முன்னரே வெளியிட்டிருக்க வேண்டும் என்று தம்மைத்தாமே நொந்துகொண்டார்.

சிறியது பெரியதை ஆளுதல்

1832-ல் பிரின்ஸ்டன் நகரக் கல்லூரியிலிருந்து அவருக்குப் பேராசிரியர் பதவி வந்தது. தாம் எக்கல்லூரியிலும் பட்டம் பெறாதவர், பெரும்பாலும் தாமே கற்றவர் என்பதை அறிந்துதான் அழைக்கின்றனரா என்று அவர் வெளிப்படையாகக் கேட்டறிந்த பின்னரே அப்பதவியை ஏற்றார்.

பிரின்ஸ்டனில் மாணவர்க்கு அவர் காட்டிய ஆய்வு ஒன்று 1835-ஆம் ஆண்டளவைச் சேர்ந்தது. வலிமை மிக்க மின்காந்தம் ஒன்றில் பலநூறு பவுண்டு எடைகளைத் தொங்கவிடுவார். அக்காந்தத்திற்கு மின்சாரம் செல்லும் வழியில் இரண்டு பாதரசக் கிண்ணங்களை இணைக்கும் சிறு கம்பித்துண்டு ஒன்று கிடக்கும். அதன்மேல் மற்றொரு சிறிய காந்தம் இருக்கும். நெடுந்தொலைவிலிருந்து வரும் கம்பியோடு அச்சிறுகாந்தம் இணைக்கப்பட்டிருக்கும். தொலைவிலிருந்து மெல்லிய மின்னோட்டத்தை அனுப்புவார். சிறுகாந்தம் கம்பித்துண்டை மேலே இழுக்கும். பெருங்காந்தத்தின் சுற்று அறும். எடைகள் அனைத்தும் பேரொலியுடன் தரையில் வீழும். மாணவர் வியப்பர். மெலிந்த மின்னோட்டம் ஒன்று, தான் ஒருபொழுதும் தூக்கவியலாத பேரெடையை வீழ்த்திவிட்டது. அது பெருஞ்சுற்றின் சுவிட்சை மட்டுமே அசைத்தது. எஞ்சிய தொழிலைப் பெருஞ்சுற்றின் ஆற்றலே செய்தது. ரிலே என்று இன்று வழங்கும் கருவியின் கோட்பாடு இதுவேயாகும். ஆய்வுச் சாலைக்கும் தம் இல்லத்துக்கும் இடையே அவர் ஒரு கம்பியையும் அமைத்து, அதன் வழியே மனைவியார்க்குச் செய்திக் குறிகளை அனுப்பி வந்தார்.

1837-ல் ஹென்றி ஐரோப்பாவுக்குச் சென்றார். இலண்டன் மாநகரில் ஃபாரடேயும் வீட்ஸ்டனும் டேனியலும் ஒருங்கு கூடி, மிகமிக மெலிந்த மின்னோட்டம் ஒன்றிலிருந்து பொறி எழுப்ப முயன்று, இயலாது நின்றனராம். ஹென்றி நீண்ட கம்பியை இரும்பின்மேற் சுருளாகச் சுற்றிச் சுற்றில் இணைத்துப் பொறியைத் தோற்றுவித்தார். ஃபாரடே சிறுபிள்ளைபோல் மகிழ்ந்து துள்ளிப் பாராட்டினார் என்பர். ஒரே துறையில் முதன்மைக்குப் போட்டியிடக்கூடிய இருவர் பொறாமையின்றி மகிழ்ந்த நிகழ்ச்சி இது.

வழக்கும் வாய்மையும்

மின்தந்தியைப் பயனுக்குக் கொண்டுவந்தவர் சாமுவேல் மோர்ஸ். ஓவியராகிய அவர், ஹென்றியின் கட்டுரையை அறிந்த பேராசிரியர் ஒருவரின் உதவியால் தம் கருவியைச் சீர்செய்துகொண்டார். 1839-ல் பிரின்ஸ்டனுக்கு வந்து ஹென்றியையும் கண்டு உசாவினார். ஹென்றி எதனையும் மறைத்திலர். மோர்ஸின் முயற்சி வெற்றி பெறும் என ஊக்கமூட்டிக் கடிதமும் எழுதினார். 1844-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே தந்தி இயங்கிற்று.

பின்னர்த் தந்தியின் காப்புரிமை பற்றிய வழக்குகள் எழுந்தன. 1849-ல் ஹென்றி சான்று கூற அழைக்கப்பட்டார். அவர் விரும்பிச் சென்றவர் அல்லர். எனினும் சான்றாளராக நின்றபின் உண்மையைக் குறைத்தும் கூறவில்லை, மிகுத்தும் கூறவில்லை. தந்திக்கு அடிப்படையான அறிவியல் உண்மைகள் மோர்ஸுக்கு முன்னரே கண்டறியப்பட்டவை என்றும், அவற்றைத் திறம்படப் பயன்படுத்தியதே மோர்ஸின் சிறப்பு என்றும் அவர் சான்று அமைந்தது. மோர்ஸ் சினந்து, 1855-ல் ஹென்றியின் நேர்மையையே பழித்து நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். ஹென்றி பழிக்குப் பழி எழுதவில்லை. தாம் பணிபுரிந்த கழகத்தின் ஆட்சிக் குழுவினரிடம் எல்லாச் சான்றுகளையும் ஒப்படைத்து, ஆராய்ந்து முடிவு கூறுமாறு வேண்டினார். அக்குழுவினர், அவர்மீது சுமத்திய குற்றங்கள் ஆதாரமற்றவை என அறிவித்தனர். பொருளின்பொருட்டு அவர் ஒருபொழுதும் வழக்காடியதில்லை. தம் சொல்லின் உண்மை ஐயுறப்பட்டபொழுது மட்டும் முறையான விசாரணையை நாடினார்.

கழகத்தின் தலைமைப் பணி

ஜேம்ஸ் ஸ்மித்சன் என்னும் ஆங்கிலேயர், தாம் ஒருமுறையேனும் கண்டிராத அமெரிக்க நாட்டுக்குத் தம் செல்வத்தை அறிவு வளர்ச்சியின்பொருட்டு எழுதிவைத்தார். அச்செல்வத்தால் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் கழகம் தோன்றிற்று. 1846-ஆம் ஆண்டு டிசம்பரில் ஹென்றி அதன் முதற் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தம் சொந்த ஆய்வுகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, பிறர் ஆய்வுகள் தழைக்க உழைக்கும் பணி அது. முப்பத்தோராண்டுகள் அப்பணியை ஆற்றினார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தந்தி வழியே வானிலைச் செய்திகளைப் பெற்று, அவற்றை ஒரு பெரும் படத்தில் நாள்தோறும் குறித்துக் காட்டும் முறையை ஏற்படுத்தினார். கலங்கரை விளக்கங்களைக் கண்காணிக்கும் குழுவிலும் 1852 முதல் இறுதிவரை பணியாற்றி, விளக்கெண்ணெயையும் மூடுபனி ஒலிக்கருவிகளையும் ஆராய்ந்து மாலுமிகளுக்கு நலம் புரிந்தார்.

1865-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள் கழகக் கட்டடத்தில் தீப்பற்றியது. கணப்படுப்பின் புகைக்குழாயைப் புகைபோக்கியினுள் செருகாமல், சுவரின் உள்வெளியிற் செருகிவிட்டதே காரணம். ஹென்றியின் அலுவலறையும், பல்லாண்டுகளாகச் சேர்ந்த கடிதங்களும் தாள்களும் சாம்பலாயின. முதியவர் மனந்தளராது மறுபடியும் பணியைத் தொடங்கினார்.

1875-ல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்னும் இளைஞர் அவரைக் காண வந்தார். குரலைக் கம்பி வழியே அனுப்பும் எண்ணம் அவருக்கு இருந்தது. மின்னியல் அறிவு தமக்குப் போதாதே என்னும் தயக்கமும் இருந்தது. அவ்வெண்ணம் பெரிய கண்டுபிடிப்புக்கு வித்து என்றும், வேண்டிய அறிவைத் தேடிப் பெற்றுக்கொள்க என்றும் ஹென்றி ஊக்கினார். மறு ஆண்டே தொலைபேசி பிறந்தது. பதினாறாம் வயதில் ஒரு நூல் தமக்குச் செய்த உதவியை, எழுபத்தேழாம் வயதில் அவர் மற்றோர் இளைஞருக்குச் செய்தார்.

1878-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் ஹென்றி வாஷிங்டனில் இயற்கை எய்தினார். குடியரசுத் தலைவர் ஹேய்ஸ் உள்ளிட்ட பெருமக்கள் இறுதிச் சடங்கிற் கலந்துகொண்டனர்.

நிலைத்த பெயர்

அவர் மறைவுக்குப் பின் மின்விளக்குகள் வீடுகளில் ஒளிரத் தொடங்கின. அவற்றை ஏற்றவும் அணைக்கவும் சுவிட்சுகள் வேண்டப்பட்டன. ஹென்றி பாதரசக் கிண்ணத்திற் கண்ட பொறி ஈண்டு இடையூறாக வந்து நின்றது. தொடுமுனைகளை மெல்லப் பிரித்தால் பொறி நீடித்து நின்று உலோகத்தை உருக்கும், முனைகள் குழிந்து கருகும், தீயும் பற்றக்கூடும். ஆதலின் பிரிவு நொடிப்பொழுதில் நிகழ்தல் வேண்டும். 1884-ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரைச் சேர்ந்த ஜான் ஹென்றி ஹோம்ஸ் என்பவர், முனைகளை விரைந்து பிரிக்கும் சுவிட்சுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று வழங்கும் சுவிட்சுகள் பலவற்றிலும் சுருள்வில் ஒன்று இருக்கின்றது. விரல் அழுத்தும்பொழுது அவ்வில் ஆற்றலைச் சேமிக்கின்றது. குறித்த நிலையைத் தாண்டியவுடன் ஒரே வீச்சில் முனையைத் தள்ளுகின்றது. விரல் மெல்ல அசையினும் முனை விரைந்தே பிரியும். அப்பொழுது கேட்கும் சிற்றொலி அவ்வில்லின் செயலால் எழுவதாகும். தொடுமுனைகளையும் பெரும்பாலும் வெள்ளி அல்லது வெள்ளிக் கலவையாலேயே செய்கின்றனர்.

பேரியந்திரங்களின் மின்னோட்டத்தை விரலருகே உள்ள சிறு பொத்தான் தாங்காது. ஆதலின் பொத்தான் ஒரு சிறு மின்காந்தத்தை மட்டுமே இயக்குகின்றது. அக்காந்தம் பெருஞ்சுற்றின் முனைகளை இணைக்கின்றது. பிரின்ஸ்டன் மாணவர் கண்ட ஆய்வே தொழிற்சாலைகளிலும் மாடிகளுக்கு ஏற்றிச் செல்லும் மின்தூக்கிகளிலும் நாள்தோறும் நடைபெற்று வருகின்றது.

1893-ஆம் ஆண்டு சிக்காகோ நகரிற் கூடிய பன்னாட்டு மின்னியல் பேரவை, மின்தூண்டலை அளக்கும் அலகுக்கு ஹென்றி என்று பெயரிட்டது. மின்தேக்குதிறனின் அலகு ஃபாரடேயின் பெயரால் முன்னரே வழங்கிற்று. காப்புரிமை வேண்டாதவர், தம் காலத்தாழ்வுக்காகப் பிறரை நோகாதவர், மெய்யுரைத்தமைக்காகப் பழிச்சொல் ஏற்றவர் ஆகிய அவ்வாசிரியரின் பெயரை உலகம் முழுதும் மாணாக்கர் தம் கணக்குகளில் எழுதி வருகின்றனர். கண்ட உண்மையைக் காலத்தே வெளியிடுதலும், வெளியிட்ட உண்மையை எல்லார்க்கும் பொதுவாக்குதலும், கேட்டவிடத்து உண்மையை உள்ளவாறே உரைத்தலும் கற்றோர் கடன் என்பதனை அவர் வாழ்க்கை உணர்த்துகின்றது.